காணிக்கைப் பையிலிருந்து கணக்குப் புத்தகம் வரை: சபைப் பணத்தைச் செலவிடும் முறை

ஆராதனை முடிந்து சனம் கலைந்த பிறகு, கோயிலை (தேவாலயத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) ஒட்டிய சின்ன அறையில் காணிக்கைப் பையை மேசைமேல் கவிழ்ப்போம். பத்து ரூபாய் நாணயங்கள், நான்காக மடித்த இருபது ரூபாய் நோட்டுகள், பெயர் எழுதிய ஸ்தோத்திரக் காணிக்கை உறைகள். ஒரு உறையில் ‘மகனுக்கு வேலை கிடைத்ததற்காக’ என்று இருக்கும். இன்னொன்றில் பெயரே இருக்காது, ஐந்நூறு ரூபாய் மட்டும் இருக்கும். திருநெல்வேலிச் சீமையில் ஏறத்தாழ 140 குடும்பங்கள் உள்ள ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஒரு பதவிக்காலம் பொருளாளராக இருந்தேன். அங்கே தப்பும் தவறுமாகக் கற்றதை, இப்போது சபைக் கமிட்டிக்குள் காலெடுத்து வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். வேறு சபைப் பிரிவினர் பெயர்களை மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

வருகிற அன்றே பிரித்து எழுதுங்கள்

செலவைப் பற்றிய கேள்வி செலவு செய்யும் நாளில் எழுவதில்லை, பணம் வருகிற நாளிலேயே எழுந்துவிடுகிறது. சபைக்கு வரும் பணம் ஒரே மாதிரியானது அல்ல. உறுப்பினர்கள் செலுத்தும் சங்கக் காணிக்கை இருக்கிறது. ஞாயிறு காணிக்கை, நன்றியாகக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் இருக்கின்றன. அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் விளைபொருள்களை விடும் ஏலம், ஊர் விருந்தான அசனத்துக்கு வாங்கும் அசன வரி, கட்டட நிதி, ஏழைகள் நிதி, மிஷனெரிக் காணிக்கை என்று தனித்தனிப் பெயரோடு வருபவையும் உண்டு. முதல் வகை பொதுப்பணம். எதற்குச் செலவிடுவது என்று கமிட்டி முடிவெடுக்கலாம். பெயரோடு வந்த பணம் அப்படியல்ல. எதற்கென்று கொடுத்தாரோ அதற்கு மட்டுமே அது போக வேண்டும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் பொறுப்பேற்ற ஆண்டில் மருத்துவ உதவிக்கென்று சேர்த்த 38,000 ரூபாய் வங்கியில் சும்மா கிடந்தது. கோயிலைப் பிரதிஷ்டை செய்த நாளை நினைவுகூரும் பண்டிகை நெருங்க, கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கப் பணம் போதவில்லை. ‘அடுத்த மாசம் திருப்பி வச்சிருவோம்’ என்று எடுத்தோம். எடுத்ததில் என் கையெழுத்தும் இருக்கிறது. மூன்றாம் வாரம் எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி வந்து நின்றாள். “எய்யா, எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் செய்யணுங்காவ. அந்த ஆஸ்பத்திரித் துட்டுல கொஞ்சம் கெடைக்குமா?” ஆளாளுக்குக் கைக்காசு போட்டுக் கொடுத்தனுப்பினோம். கோபுரம் மட்டும் பளிச்சென்று நின்றது. அந்த நிதிக்குப் பாட்டியும் மாதம் ஐம்பது ரூபாய் போட்டவள் என்பது ரசீதுக் கட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான். பெயருள்ள நிதிகளுக்குத் தனி வங்கிக் கணக்கு, அது முடியாவிட்டால் பேரேட்டில் தனிப்பக்கம். கைமாற்றாக எடுப்பதென்றாலும் கமிட்டித் தீர்மானம் வேண்டும், திருப்பி வைக்கும் தேதியும் அதில் இருக்க வேண்டும். நிதியின் நோக்கம் நிறைவேறிப் பணம் மிஞ்சினால், கொடுத்தவர்களிடமோ சபைக் கூட்டத்திலோ கேட்டுவிட்டு வேறு காரியத்துக்கு மாற்றுங்கள்.

ஏலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காய் நாலாயிரத்துக்குப் போகும். கைதட்டல் அடங்கிய பிறகு அந்த நாலாயிரம் வசூலாவதற்குள் அடுத்த பண்டிகை வந்துவிடும். ஏலத்தில் சொன்ன தொகையை வரவாக எழுதாதீர்கள், கைக்கு வந்ததை மட்டும் எழுதுங்கள். ஏலப்பாக்கியை நம்பித் திட்டம் போட்ட கமிட்டிகள் கடனில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணும் மேசையில் இரண்டு பேர்

உண்டியலின் கதை வேதத்திலேயே (பைபிளிலேயே) இருக்கிறது. யோவாஸ் ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம் வரைக்கும் ஆலயத்தைப் பழுதுபார்க்கவில்லை, பணம் ஆசாரியர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்தண்டை வைத்தான். பெட்டி நிறைந்ததும் எண்ணியவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். அரண்மனைக்கு ஒருவர், ஆலயத்துக்கு ஒருவர். தனியாக யாரும் எண்ணவில்லை. இரண்டாம் இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை ஒவ்வொரு பொருளாளரும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

நம் ஊருக்கு அதை இப்படி மாற்றிக்கொள்ளலாம். உறவுக்காரர்களாக இல்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும். மாதாமாதம் ஆட்கள் மாற வேண்டும். நோட்டு, நாணயம் வாரியாக ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை அந்தத் தொகை முழுசாக வங்கிக்குப் போக வேண்டும். ‘வழியில எலக்ட்ரீசியனுக்கு ஐந்நூறு குடுத்துட்டு மிச்சத்தக் கட்டிட்டேன்’ என்பது கூடவே கூடாது. வரவு வங்கிக்குள் போய், செலவு வங்கியிலிருந்து வெளியே வந்தால் பாதிச் சந்தேகம் எழவே இடமில்லை.

இப்போது கோயில் வாசலிலேயே க்யூஆர் அட்டை மாட்டிவிடுகிறார்கள், நல்லதுதான். அது யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். பல இடங்களில் பொருளாளரின் சொந்த எண் அது. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். நாளை அவருக்கு ஏதாவது ஆனால் அந்தப் பணம் அவர் வாரிசுகள் கைக்குப் போய்விடலாம். வருமான வரிக்காரர் கேட்டால் அது தன் வருமானம் அல்ல என்று அவர்தான் விளக்க வேண்டிவரும். எந்த பான் எண்ணில் சபைக் கணக்கைத் திறப்பது என்று திருமண்டல (பல சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் மறைமாவட்ட) அலுவலகத்தில் கேட்டு, சபையின் பெயரிலேயே திறந்துகொள்ளுங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே ஒருவர் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போவது எங்கும் உள்ள வழக்கம். அப்படிச் செய்தால் இரண்டு கையெழுத்து விதியே இல்லாததற்குச் சமம்.

பணம் போக வேண்டிய வரிசை

5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமில் போப்பாக இருந்த முதலாம் கெலாசியுஸ், சபை வருமானத்தை நான்காகப் பிரிக்கச் சொன்னார். பிஷப்புக்கு ஒரு பங்கு, குருமாருக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு, கட்டடத்துக்கு ஒரு பங்கு. அந்தக் கணக்கை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஏழைகளின் பங்கும் கட்டடத்தின் பங்கும் சமமாக நின்ற காலம் ஒன்று இருந்தது என்பதை உங்கள் சபையின் கடந்த ஐந்தாண்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

ஆண்டுக்கு 12 லட்சம் பொதுவரவு உள்ள ஒரு சபை என்று வைத்துக்கொள்வோம். நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். திருமண்டலத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கும் உள்ளூர் ஊழியர் ஊதியமும் சேர்ந்து ஐந்தரை லட்சம். மின்கட்டணம், பழுதுபார்ப்பு, கல்லறைத் தோட்டம் எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம். ஏழைகள், மருத்துவம், படிப்பு உதவிக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். மிஷனெரிப் பணிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். ஞாயிறு பள்ளி, வாலிபர், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அறுபதாயிரம். பண்டிகைகளுக்கு நாற்பதாயிரம். மிச்சம் ஒரு லட்சம் கையிருப்பு. மூன்று மாதச் செலவுக்கு ஈடாகும்வரை அதைத் தொடாமல் சேர்க்க வேண்டும். 2020-இல் கோயில்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது ஞாயிறு காணிக்கை நின்றது, மின்கட்டணம் நிற்கவில்லை. கையிருப்பு எதற்கு என்று அதற்கு முன் கேட்டவர்கள் பிறகு கேட்கவில்லை.

உங்கள் சபைக்கு எண்கள் வேறாக இருக்கும். வரிசை மாறக்கூடாது. கொடுக்க வேண்டிய கடமை முதலில், சபையை நம்பி வாழும் மனிதர்கள் அடுத்து, பிறகு இல்லாதவர்கள். சுவரும் தரையும் அதற்கப்புறம். உதவி நிதி ‘மிஞ்சினால் பார்ப்போம்’ என்ற கடைசி வரியில் இருக்கும்வரை ஒருநாளும் மிஞ்சாது.

மணி அடிப்பவரின் சம்பளம்

ஐயருக்கு, அதாவது போதகருக்கு, ஊதியம் திருமண்டலத்திலிருந்து வருகிறது. சபை ஊழியருக்கும் ஏதோ ஒரு கிரமம் இருக்கிறது. கோயிலைக் கூட்டிப் பெருக்கி, மணி அடித்து, விளக்குப் போட்டு, சாவு விழுந்தால் நடுராத்திரியில் வந்து கதவு திறக்கிறாரே, அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்? நான் பொறுப்பேற்றபோது எங்கள் சபையில் மாதம் 3,500 ரூபாய். ‘அவருக்குக் கல்யாண வீட்டுலயும் குடுக்காவல்லா’ என்பது பதில். பிறத்தியார் கொடுக்கும் அன்பளிப்பைக் கணக்கில் வைத்துச் சம்பளத்தைக் குறைப்பது கோயிலுக்கு அழகல்ல. அதே ஆண்டு முன்வாசல் மண்டபத்துக்கு கிரானைட் போட நான்கு லட்சம் செலவழித்தோம் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. வேலை நேரத்தை எழுதுங்கள். அதே நேரத்துக்கு உங்கள் ஊரில் ஒரு கடைப் பையனுக்கு என்ன கூலியோ அதற்குக் கீழே போகாதீர்கள். மாதச் சம்பளம் ஐந்தாம் தேதிக்குள் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். கிறிஸ்மஸுக்கு ஒரு மாத ஊதியம். அவருக்கும் வீட்டாருக்கும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் ஒரு வாலிபனைக் கூட அனுப்பி எடுத்துக் கொடுங்கள். அதற்குச் சபைக்கு ஒரு பைசா செலவில்லை.

உதவி செய்யும் முறை

உதவி நிதியில்தான் நல்ல மனதும் கெட்ட பழக்கமும் ஒன்றாகக் கலக்கின்றன. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் ஆதிசபைக்குள் எழுந்த முதல் முறுமுறுப்பே இதில்தான். அன்றாட விசாரணையில் கிரேக்கரின் விதவைகள் விட்டுப்போனார்கள். அப்போஸ்தலர் செய்தது என்ன? பிரசங்கம் பண்ணிச் சமாதானப்படுத்தவில்லை, ஏழு பேரைத் தனியாக அதற்கென்றே நியமித்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போனது என்று படித்தால் தப்பில்லை.

ஆகவே மூன்று பேர் கொண்ட உதவிக் குழு ஒன்றை வையுங்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்; எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தெரியும், கமிட்டி ஆண்களுக்குத் தெரியாது. குறிப்பிட்ட தொகைவரை, ஐயாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், குழுவே முடிவெடுக்கலாம். அதற்குமேல் கமிட்டிக்கு வரட்டும். மருத்துவச் செலவென்றால் மருத்துவமனைக்கும், கட்டணமென்றால் கல்லூரிக்கும் நேராகக் கட்டுங்கள். நோயாளியை நம்பாமல் அல்ல. வீட்டுக்குப் பணம் போனால் வட்டிக்காரர் முதலில் வந்து நிற்பார். படிப்பு உதவியை ஜூன் மாதத்துக்கு முன்னால் முடிவு செய்யுங்கள். டிசம்பரில் மேடையில் கொடுக்கும் உதவித்தொகை, ஜூனில் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டிய கட்டணத்தை ஈடுசெய்யாது.

கணக்கில் பெயருக்குப் பதில் எண் எழுதுங்கள். முழுப்பெயர் குழுவின் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும். சபை அறிக்கையில் ‘மருத்துவ உதவி, 7 குடும்பம், 64,000’ என்று வந்தால் போதும். உதவி வாங்குகிறவரை நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவதை இன்றே நிறுத்துங்கள். சங்கக் காணிக்கை பாக்கி வைத்தவருக்கு உதவி இல்லை என்று ஒரு வழக்கம் பல இடங்களில் உண்டு. பாக்கி வைத்தவருக்குத்தானே உதவி தேவைப்படும்!

சபைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொடுக்கலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். கொடுக்கலாம். உதவி நிதியில் ஒரு பகுதியை ஊர்ப் பொதுவுக்கு என்று தீர்மானத்திலேயே ஒதுக்கிவிட்டால் ஒவ்வொரு தடவையும் சண்டை வராது. உபாகமம் 14-இல் மூன்றாம் வருஷத் தசமபாகம் யாருக்கென்று இருக்கிறது? ஆலயப் பணி செய்யும் லேவியனுக்கு, பரதேசிக்கு (வேற்றூரானுக்கு), திக்கற்றவனுக்கு, விதவைக்கு. பரதேசியும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறான்.

நம் மண்ணுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவர்களானதால் ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் வேலை. வந்த பணத்தில் மக்கள் காலூன்ற முதலில் மண் வாங்கினார்கள்.

மிஷனெரிப் பங்கு

சோறு பொங்கும்போது உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்த பெண்களின் காணிக்கை நம் சபைகளில் பழையது. 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில், தங்கள் ஆட்களைக் கொண்டு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்றைய ஹைதராபாத் நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதில் முன்நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் இதைச் செய்தார்கள். உங்கள் பங்கையும் அனுப்புங்கள், ஆண்டுக்கு ஒருமுறை செலவறிக்கையும் கேட்டு வாங்குங்கள். அனுப்பியதோடு கைகழுவிவிடாதீர்கள்.

கட்டடமும் அசனமும்

கட்டவே கூடாது என்று சொல்லவில்லை. ஓட்டை வழியே பீடத்தில் மழை சொட்டினால் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் மதிப்பீட்டில் மூன்றில் இரண்டு பங்காவது வங்கியில் சேராமல் அஸ்திவாரக் கல் வைக்காதீர்கள். பாதியில் நிற்கும் கோபுரம் பத்தாண்டுக்கு எல்லாக் காணிக்கையையும் விழுங்கும். மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, உறைகளைக் கமிட்டியில் திறங்கள். கமிட்டி உறுப்பினரின் மைத்துனர்தான் ஒப்பந்தக்காரர் என்றால் அந்த உறுப்பினர் வெளியே போய் இருக்கட்டும், அதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். வேலை முடிந்த அளவுக்கு மட்டும் பணம் கொடுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டும்வரை பத்து சதவீதத்தை நிறுத்தி வையுங்கள். நிலம் திருமண்டலத்தின் அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் இருப்பதால் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சுவரில் கை வைக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் கோயில் மின்விசிறிகளின் இறக்கைகளில் கொடுத்தவர் பெயர் சிவப்பு வர்ணத்தில் இருக்கும். சுற்றும்போது படிக்க முடியாது என்பது ஒரு ஆறுதல். பெயர் பொறிக்கும் பொருளுக்குப் பணம் தானாக வரும்; கழிப்பறைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் வராது. அதனால் பெயர்ப்பலகைக்கான காரியங்களை நன்கொடையாளருக்கு விட்டுவிட்டு, பொதுப்பணத்தைக் கழிப்பறைக்கும், வயதானவர்கள் ஏற ஒரு சாய்தளத்துக்கும் ஒதுக்குங்கள்.

அசனத்தை வீண்செலவு என்று படித்த பிள்ளைகள் சொல்வதை நான் ஏற்பதில்லை. வருஷத்தில் ஒருநாள் ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது சின்ன விஷயமா? அதன் செலவை அசன வரியும் அரிசி, ஆடு என்று பொருளாக வருவதும் தாங்கிக்கொள்ளட்டும். பொதுநிதியிலிருந்து எடுக்காதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சீரியல் விளக்குக்கும் ஆகிற செலவு வேறு. அதைப் பாதியாக வெட்டினாலும் யாரும் பசியோடு போகமாட்டார்கள்.

சட்டம் எங்கே குறுக்கே வரும்

தமிழ்நாட்டில் இந்துக் கோயில்களுக்கு அறநிலையத்துறை இருப்பதுபோல் தேவாலயங்களுக்கு ஒரு துறை இல்லை. அதனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பொருளல்ல. வருமான வரிச் சட்டப்படி பதிவுபெற்ற அறக்கட்டளை, ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அதன் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். சேர்த்து வைப்பதென்றால் முறைப்படி தெரிவிக்க வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கணக்கில் ஏற்கமாட்டார்கள். கோயில் காணிக்கை ரசீதைக் காட்டி 80ஜி வரிச்சலுகை கேட்டு வருவார்கள். அந்தச் சலுகை தர்மப் பணிக்கானது, மதப் பணிக்கானதல்ல. இல்லாததைச் சொல்லிக் காணிக்கை வாங்காதீர்கள். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் கிராமத்துச் சபைகள் அறியாமல் மாட்டிக்கொள்கின்றன. துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்தால், அவன் வங்கி வழியாக அனுப்புவது அந்நிய நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட பெரியப்பா மகன் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், அவர் அனுப்புவது அந்நிய நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டு அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். ஒரு அமைப்பு வாங்கியதை இன்னொன்றுக்கு மாற்றவும் முடியாது. கோபுரத்துக்கு ஆயிரம் டாலர் தருகிறேன் என்று ஒருவர் போனில் சொன்னால், முதலில் அவர் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இன்னொரு செலவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சபைத் தேர்தலில் தோற்றவரும் ஜெயித்தவரும் ஒருவர்மேல் ஒருவர் போடும் வழக்குக்கு வக்கீல் கட்டணம் காணிக்கையிலிருந்து போகக்கூடாது. சொத்தைக் காக்கும் வழக்கு சபையின் வழக்கு, நாற்காலியைக் காக்கும் வழக்கு அவரவர் வழக்கு.

கணக்கைத் திறந்து காட்டுங்கள்

மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரே ஒரு தாள் அறிவிப்புப் பலகையில் வர வேண்டும்: ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, ஒவ்வொரு நிதியின் முடிவிருப்பு, கொடுக்க வேண்டியவர்களுக்கு எவ்வளவு பாக்கி. பெரிய எழுத்தில், தமிழில். ‘இதர செலவு’ என்ற வரி மொத்தத்தில் இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் உடைத்து எழுதுங்கள். எங்கள் சபையில் இதைத் தொடங்கிய முதல் மாதம் யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கூட்டல் பிழையைக் கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார், எனக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்த ஆண்டு அவரையே உள்தணிக்கையாளராகப் போட்டோம்.

கேள்வி கேட்கிறவரை விரோதியாகப் பார்க்காமலிருக்க ஒரு வழி உண்டு. மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ரசீதுக் கட்டும் வவுச்சரும் மேசைமேல் திறந்திருக்கட்டும். யாரும் வந்து புரட்டலாம், ஐயரின் அனுமதி தேவையில்லை. உதவிக் குழுவின் பெயர்ப் பதிவேடு மட்டும் பூட்டில் இருக்கும். கணக்கு வெளியில் கிடந்தால் தேநீர்க்கடையில் அதைப் பற்றிப் பேசுவதற்கு அதிகம் இருக்காது.

பதவிக்காலம் முடிகிற வாரத்தில் புதிய பொருளாளரை உட்காரவைத்து ஒப்படைக்க வேண்டியவை: வங்கிப் புத்தகங்கள், பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள் வரிசை எண்ணோடு, காசோலைப் புத்தகம், வைப்புநிதிச் சான்றுகள், ஏலப்பாக்கிப் பட்டியல், தங்கம் வெள்ளிப் பொருள்கள் எடையோடு, நிலுவை பில்கள், உண்டியல் சாவி இரண்டு. இரண்டு பேரும் தேதியிட்டுக் கையெழுத்திட்ட பிரதி ஒன்று ஐயரிடம், ஒன்று பெட்டகத்தில். நான் ஒப்படைத்த அன்று மருத்துவ உதவி நிதிப் பக்கத்தில் 38,000 திரும்ப வந்திருந்தது, கூட 11,400 சேர்ந்திருந்தது. உண்டியலின் இரண்டாவது சாவியைத்தான் காணவில்லை. பூட்டையே மாற்றிவிட்டு ஒப்படைத்தேன். புதுப் பூட்டு 240 ரூபாய், வவுச்சர் எண் 312.